அலை என்றால் எது நகர்கிறது?

"பட்டா பெயர் மாற்றத்துக்கு ஆறு மாசமா அலையுறேன்" என்கிறார் ஒருவர். வானிலை அறிவிப்பில் வெப்ப அலை வருகிறது. தேர்தல் வந்தால் அலை வீசுகிறதா இல்லையா என்று தொலைக்காட்சியில் நான்கு பேர் மல்லுக்கு நிற்கிறார்கள். மெரினாவில் பிள்ளைகள் அலையில் கால் நனைக்கிறார்கள். எல்லாம் ஒரே சொல்தான். ஆனால் ஒவ்வோர் இடத்திலும் "இங்கே நகர்வது எது?" என்று கேட்டுப் பாருங்கள், வேறு வேறு பதில் வரும். சில இடங்களில் எதுவுமே நகர்வதில்லை.

அகராதியில் பார்த்தால் அலை பெயர்ச்சொல், கூடவே வினையடி. பல மொழிகளில் கடல் அலைக்கு ஒரு சொல், ஊர் சுற்றுவதற்கு இன்னொரு சொல். தமிழில் இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று. 'அலைகடல்' என்பதை வினைத்தொகையாகப் பிரித்தால் அலைந்த கடல், அலைகின்ற கடல், அலையும் கடல். பெயராக எடுத்துக்கொண்டால் அலைகளை உடைய கடல். இரண்டுமே பொருந்தும். பக்கத்து மொழிகளிலும் இந்த வேர் அப்படியே இருக்கிறது. தெலுங்கில் 'அல' என்றால் கடல் அலை. மலையாளத்தில் 'அல' அலையும், 'அலயுக' அலைந்து திரிவதும். கன்னடத்தில் 'அலெ' அலை, 'அலெமாரி' நாடோடி.

அலைந்தான் என்பது தன்வினை. அலைத்தான் என்பது பிறவினை, அதாவது இன்னொன்றை ஆட்டி அசைத்தான், வருத்தினான். இந்த இரண்டாவது இன்று பேச்சில் இல்லை, ஆனால் பழந்தமிழில் கடுமையான சொல் அது. கொடுங்கோன்மை அதிகாரத்தின் முதல் குறளே அதில்தான் நிற்கிறது: "கொலைமேற்கொண் டாரிற் கொடிதே அலைமேற்கொண்டு / அல்லவை செய்தொழுகும் வேந்து." குடிமக்களை அலைத்தலைத் தொழிலாக மேற்கொண்ட அரசன், கொலையைத் தொழிலாகக் கொண்டவனைவிடக் கொடியவன். இங்கே அலை என்றால் அலைக்கழிப்பு. ஒரு சான்றிதழுக்காக வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் நடுவே நடந்து செருப்புத் தேய்ந்தவருக்கு இந்தக் குறளுக்கு உரையே தேவைப்படாது.

அப்படியானால் கடலில் எழுவதை அந்தக் காலத்தில் என்னவென்று சொன்னார்கள்? பெரும்பாலும் 'திரை' என்றுதான். இன்னொரு சொல் 'புணரி'. புறநானூற்றின் 55-ஆம் பாட்டில் திருச்செந்தூரைப் பற்றி "வெண்டலைப் புணரி அலைக்கும் செந்தில்" என்று வருகிறது. வெள்ளை நுரையைத் தலையில் கொண்ட புணரி கரையை அலைக்கிறது. பொருளின் பெயர் புணரி, அது செய்கிற வேலையின் பெயர்தான் அலைத்தல். அதே ஊருக்குத் திருமுருகாற்றுப்படை தரும் பெயர் அலைவாய். செயலைச் சொன்ன சொல் செய்கிற பொருளுக்கே பெயராகிவிடும் போக்கை இந்த ஒரே ஊரின் பெயரில் பார்க்கலாம்.

திரை பிறகு கடலைவிட்டு வெளியேறிவிட்டது. "திரைகடல் ஓடியும் திரவியம் தேடு" என்று சொல்லும்போது மட்டும் எட்டிப் பார்க்கிறது. நரை, திரை, மூப்பு என்பதில் தோல் சுருக்கமாகவும், ஜன்னலில் துணியாகவும், கடைசியில் சினிமாவாகவும் ஆகிவிட்டது. மடிப்பு மடிப்பாக இருப்பது என்பதுதான் எல்லாவற்றுக்கும் பொது. ஓதத்தின் கதையும் இப்படித்தான். பாடப்புத்தகத்தில் உயர் ஓதம், தாழ் ஓதம் என்று கடல் மட்டம் ஏறி இறங்குவதைக் குறிக்கும். வீட்டில் மழைக்காலத்துச் சுவரில் ஏறும் ஈரம். வடமொழியிலிருந்து வந்த தரங்கம், டேனிஷ்காரர்கள் 1620-இல் வந்து கோட்டை கட்டிய தரங்கம்பாடியின் பெயரிலும், தண்ணீர்க் கிண்ணங்களைத் தட்டி வாசிக்கிற ஜலதரங்கத்திலும் தங்கிவிட்டது. கல்லோலம் என்றாலும் பேரலைதான். ஆனால் அதை இப்போது 'அல்லோலகல்லோலம்' என்று வீடு அமர்க்களப்படும்போது மட்டும் சொல்கிறோம். அலை மட்டும்தான் கடலையும் விடவில்லை, கரையையும் விடவில்லை. துணி அலசுவதுகூட இதே குடும்பம். அதன் பழைய வடிவம் 'அலைசு'. தண்ணீரில் இப்படியும் அப்படியும் ஆட்டுவது. ஒரு விஷயத்தை 'அலசி ஆராய்வது' அங்கிருந்து வந்ததுதான்.

பேச்சுத் தமிழில் அலைதலுக்கு ஒரு நிரந்தரக் குணம் உண்டு: போகிறோம், ஆனால் போய்ச் சேர்வதில்லை. வேலை முடிந்துவிட்டால் அது அலைச்சல் ஆகாது, "ஒரு நடை போயிட்டு வந்தேன்" என்றாகிவிடும். முடியாததுதான் அலைச்சல். பணம் பணம் என்று அலைகிறவனுக்கு எவ்வளவு கிடைத்தாலும் போதாது. மனம் அலைபாய்கிறது என்றால் ஒன்றிலும் நிற்கவில்லை என்று பொருள். கூட்டம் அலைமோதியது என்றால் எல்லோரும் முட்டுகிறார்கள், யாரும் உள்ளே போகவில்லை. பட்டாவுக்காக அலைகிறவர் விஷயத்தில் நகர்வது ஆள், நகராதது கோப்பு.

இயற்பியல் சொல்லும் அலையில் இது தலைகீழ். அங்கே ஆள் நிற்பார், கோப்பு போய்விடும். காற்றடிக்கும்போது நெல் வயலைப் பாருங்கள். ஒரு வரப்பிலிருந்து எதிர் வரப்பு வரைக்கும் ஒரு சாய்வு ஓடுகிறது. ஒரு நாற்றுகூட வேரைவிட்டு நகரவில்லை, குனிந்து நிமிர்ந்ததோடு சரி. ஆழ்கடலிலும் இதேதான். அலை கடக்கும்போது தண்ணீர் ஏறக்குறைய ஒரு வட்டம் சுற்றிப் பழைய இடத்துக்கே வருகிறது. மிகச் சிறிதாக முன்னே தள்ளப்படுவது உண்டு, அவ்வளவுதான். கீழே போகப் போக அந்த வட்டம் சுருங்கி, அலைநீளத்தில் பாதி ஆழத்துக்குப் போனால் அநேகமாக இல்லாமலே போய்விடும். அடுத்தடுத்த இரண்டு முகடுகளுக்கு நடுவே 100 மீட்டர் இருந்தால், 50 மீட்டர் ஆழத்தில் இருக்கும் மீனுக்கு மேலே நடக்கிற கூத்து தெரியாது. பயணம் செய்வது ஆற்றல்.

இந்த வேறுபாட்டை மீனவர்கள் பாடப்புத்தகம் இல்லாமலே சொல்லில் வைத்திருக்கிறார்கள். கடலில் ஒரு பொருளை உண்மையிலேயே இழுத்துக்கொண்டு போகிற நீரோட்டம் அவர்களுக்கு 'நீவாடு'. அலை வேறு, நீவாடு வேறு. வலை எந்தப் பக்கம் போகும் என்று பார்ப்பது நீவாட்டை. படகு எவ்வளவு ஆடும், கரையில் எப்படி ஏற்றுவது என்று பார்ப்பது அலையை. கரையில் நின்று பார்க்கிற நமக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்.

குமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் 'கள்ளக்கடல்' என்று ஒன்று சொல்வார்கள். உள்ளூரில் காற்று இல்லை, மழை இல்லை, வானம் தெளிவாக இருக்கிறது. ஆனால் கடல் திடீரென்று ஏறிவந்து வீட்டுக்குள் நுழைகிறது. திருடனைப் போல வருவதால் அந்தப் பெயர். இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் வீசிய புயலில் பிறந்த நெடிய அலைகள் சில நாள்கள் பயணம் செய்து இங்கே வந்து சேர்கின்றன. பல ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி வருவது அந்தத் தென்கடலின் தண்ணீர் கிடையாது. அங்கே அடித்த காற்றின் ஆற்றல்தான் கைமாறிக் கைமாறி வருகிறது. கரை ஏறுவது நம் ஊர்த் தண்ணீரே. 2012-இல் யுனெஸ்கோ இந்த உள்ளூர்ச் சொல்லையே அறிவியல் கலைச்சொல்லாக ஏற்றுக்கொண்டது. ஹைதராபாத்தில் இருக்கும் இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் இப்போது கள்ளக்கடலுக்கென்றே எச்சரிக்கை கொடுக்கிறது. 2024 மே மாதம் அப்படி எச்சரிக்கை இருந்த ஒரு நாளில்தான் குமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி இறந்தார்கள். வானம் நன்றாக இருந்தால் கடலும் நன்றாக இருக்கும் என்று நினைப்பது இயல்பு. கள்ளக்கடலில் அந்தக் கணக்கு செல்லாது.

"அலை எதையும் கொண்டுபோகாது" என்ற பாடம் கரைக்கு வந்ததும் கொஞ்சம் உடைகிறது. ஆழம் குறையும்போது வட்டம் நசுங்கி, முகடு முன்னே சாய்ந்து உடைகிறது. அப்போது தண்ணீர் உண்மையிலேயே ஓடுகிறது, மணலையும் தள்ளுகிறது. தமிழகத்தின் கிழக்குக் கரையில் ஆண்டு மொத்தத்தில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது, அலைகள் கரையைச் சாய்வாக வந்து அடிப்பதால். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னைத் துறைமுகம் கட்டப்பட்டபோது இந்த ஓட்டத்துக்குக் குறுக்கே சுவர் விழுந்தது. தெற்கே மணல் தேங்கி மெரினா அகலமானது. வடக்கே ராயபுரம் பக்கம் கடல் கரையைத் தின்ன ஆரம்பித்தது. அங்கே கல்லைக் கொட்டித் தடுப்புப் போட்டார்கள், கடலுக்குள் நீளும் கல்சுவரான தூண்டில் வளைவு கட்டினார்கள். ஓர் இடத்தில் தடுத்தால் அடுத்த இடத்தில் அரிக்கும் என்பதால் இந்த வேலைக்கு முடிவே இல்லை. மெரினாவின் அழகைப் பற்றிப் பேசுகிறவர்கள் ராயபுரத்தையும் சேர்த்துப் பேசினால் நியாயமாக இருக்கும்.

2004 டிசம்பர் 26 வந்தது இந்தக் கணக்கு எதிலும் அடங்காத அலை. சுமத்ரா அருகே 9.1 அளவிலான நிலநடுக்கம், இந்திய நேரம் காலை 6.29. காற்றால் வரும் அலை கடலின் மேல்தோலை மட்டும் அசைக்கும். சுனாமியில் கடலடி வரைக்கும் மொத்த நீரும் அசைகிறது. 4,000 மீட்டர் ஆழத்தில் மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். அங்கே அதன் உயரம் ஒரு மீட்டருக்கும் குறைவு என்பதால் கப்பலில் இருப்பவருக்குத் தெரியாது. முகட்டுக்கும் முகட்டுக்கும் நடுவே நூறு கிலோமீட்டருக்கு மேல் இருப்பதால், கரைக்கு வரும்போது உடைந்து பின்வாங்காமல் நிமிடக்கணக்கில் உள்ளே வந்துகொண்டே இருக்கும். தாய்லாந்துப் பக்கம் அகடு, அதாவது அலையின் பள்ளம், முதலில் போய்ச் சேர்ந்தது, அதனால் கடல் உள்வாங்கி எச்சரித்தது. நம் பக்கம் முகடே முதலில் வந்தது. தமிழகத்தில் ஏறக்குறைய 8,000 பேர் இறந்தார்கள், அதில் 6,000-க்கும் மேற்பட்டவர்கள் நாகப்பட்டினம் மாவட்டத்தில். ஆழிப்பேரலை என்ற சொல் பத்திரிகைகளில் நிலைபெற்றது அதற்குப் பிறகுதான். நல்ல சொல், ஆனால் கடலோரத்தில் இன்றைக்கும் சுனாமிதான். "சுனாமிக்கு முன்னாடி, சுனாமிக்கு அப்புறம்" என்று காலத்தையே அதை வைத்துப் பிரித்துப் பேசுகிறார்கள்.

பிச்சாவரம் போன்ற இடங்களில் கடலோரச் சேற்றில் வளரும் மாங்குரோவ் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று பிறகு வந்த ஆய்வுகள் சொன்னபோது, 'அலையாத்தி' என்ற பெயருக்கும் புது மதிப்பு வந்தது. அலையை ஆற்றுவதால் அலையாத்தி என்று விளக்கம் சொல்வார்கள்.

இனி கடலே இல்லாத அலைகள். நீர் அலைக்கு நீர் வேண்டும், ஒலி அலைக்குக் காற்றோ வேறு ஊடகமோ வேண்டும். அப்படியென்றால் ஒளி எதன் மேல் வருகிறது? ஈதர் என்ற ஒன்று எங்கும் நிறைந்திருக்கிறது என்று 19-ஆம் நூற்றாண்டில் நம்பினார்கள். 1887-இல் மைக்கெல்சனும் மார்லியும் செய்த சோதனையில் அதன் தடயம் கிடைக்கவில்லை. ஒளிக்கும் வானொலிக்கும் நாற்றே இல்லாத வயலில் சாய்வு ஓடுகிறது என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான். இந்த அலைகளைத் தமிழர்கள் முதலில் அறிந்தது வானொலிப் பெட்டியின் முள்ளை வைத்து: சிற்றலை, மத்திய அலை, பிறகு பண்பலை. இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பைப் பிடிக்கத் தமிழ்நாட்டில் முள்ளைத் திருகாத வீடு குறைவு. 'சிறு' என்பது அலைநீளத்தை: சிற்றலை 25 மீட்டர், 31 மீட்டர் என்று இருக்கும். மத்திய அலையில் சென்னை நிலையத்தின் 720 கிலோஹெர்ட்ஸ் ஏறக்குறைய 417 மீட்டர். உண்மையில் பண்பலை எல்லாவற்றையும்விடச் சிறியது, மூன்று மீட்டர்தான். அதன் 'பண்பு' பண்பேற்றத்திலிருந்து, அதாவது அலையின் மேல் ஒலியை ஏற்றும் முறையிலிருந்து, வந்தது, நல்ல பண்பிலிருந்து வரவில்லை. நிகழ்ச்சிகளைக் கேட்டால் இந்தச் சந்தேகம் யாருக்கும் வராது.

அலைவரிசை என்பது அதிர்வெண்ணாகத் தொடங்கி, தொலைக்காட்சி நிறுவனமாகி, இன்று "எங்க ரெண்டு பேருக்கும் அலைவரிசை ஒத்துப்போகும்" என்று நட்பில் வந்து நிற்கிறது. அலைக்கற்றை, அதாவது தொலைபேசி நிறுவனங்களுக்கு அரசு ஒதுக்கும் அதிர்வெண் தொகுப்பு, என்ற சொல்லை டீக்கடைக்குக் கொண்டுவந்தது 2ஜி விவகாரம். 1.76 லட்சம் கோடி ரூபாய் இழப்பு என்ற தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் மதிப்பீடு வெளியானது 2010-இல். 2012-இல் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்தது. 2017-இல் சிறப்பு நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட எல்லோரையும் விடுவித்தது. கண்ணுக்குத் தெரியாத, தொட முடியாத ஒன்றை அரசு ஏலம் விட முடியும் என்பதையே பலர் அப்போதுதான் தெரிந்துகொண்டார்கள். அலைபேசி என்ற சொல்லும் பரவலானது ஏறக்குறைய இந்தக் காலத்தில்தான். அலைகளால் பேசுவது என்பது அதன் பொருள். அலைந்துகொண்டே பேசுவது என்று படித்தாலும் யாரும் மறுக்க முடியாது.

செய்தித்தாள் அலைகளுக்கு வருவோம். இவற்றில் எனக்குக் கொஞ்சம் மனக்குறை உண்டு. முகடு மட்டும்தான் இவற்றில் அலை, அகடு கணக்கிலேயே வருவதில்லை. வெப்ப அலையை எடுத்துக்கொள்ளுங்கள். இந்திய வானிலை ஆய்வுத் துறை இதற்குத் தெளிவாகக் கோடு போட்டிருக்கிறது: அதிகபட்ச வெப்பநிலை சமவெளியில் குறைந்தது 40 டிகிரி, கடலோரத்தில் 37, மலையில் 30. அதோடு இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். 6.4-ஐயும் தாண்டினால் தீவிர வெப்ப அலை. இதில் நகர்வது எது? பெரும்பாலும் எதுவும் இல்லை. ஒரு பகுதிக்கு மேல் உயர் அழுத்தம் வந்து உட்கார்ந்து, காற்று கீழிறங்கிச் சூடாகி, நகராமல் நிற்பதுதான் வெப்ப அலை. சென்னையில் மேற்குக் காற்று ஓங்கி, கடல்காற்று மதியம் தாண்டியும் உள்ளே வராத நாள்களில் இதைத் தோலிலேயே உணரலாம். 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது.

தேர்தல் அலையில் நகர்வது வாக்கு. ஆனால் அதைவிடப் பெருமளவில் நகர்வது இடங்கள். 1984-இல் இந்திரா காந்தி கொலைக்குப் பிறகும், 1991-இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகும் வீசியதை அனுதாப அலை என்றார்கள். 1991 சட்டமன்றத் தேர்தலில் திமுகவுக்கு 20 சதவீதத்துக்கு மேல் வாக்கு, கிடைத்ததோ இரண்டே இடம். ஐந்தே ஆண்டில் திரும்பியது. 1996-இல் அதிமுகவுக்கு 20 சதவீதத்துக்கு மேல் வாக்கு, நான்கு இடம். திமுக கூட்டணிக்கு 221. தொகுதிக்கு ஒரே வெற்றியாளர் என்ற முறையில் வாக்கில் ஏற்படும் சாய்வு இடங்களில் கடல் கொந்தளிப்பாகத் தெரியும். 1989 முதல் 2011 வரை ஒவ்வொரு சட்டமன்றத் தேர்தலிலும் ஆட்சி மாறிக்கொண்டே இருந்தது. இதை அலை என்பதைவிடப் பத்தாம் வகுப்புப் புத்தகத்தின் சொல்லான 'அலைவு' என்பதே சரி: ஊசல் போல ஒரே இடத்தில் இங்கும் அங்கும். 2016-இல் அது ஒருமுறை நின்றது.

போர் அலை என்றால் ஈழத்தில் 1996 முதல் 'ஓயாத அலைகள்' என்பது விடுதலைப் புலிகளின் படை நடவடிக்கைப் பெயர். பெண்ணிய வரலாற்றின் அலைகள், பிரெஞ்சு சினிமாவின் புதிய அலை என்று இந்தப் பட்டியல் நீளும். எல்லாவற்றிலும் அலை என்றால் எழுச்சி, அவ்வளவுதான்.

கொரோனா அலை பிறந்தது வரைபடத்தில். கிருமி ஆளிடமிருந்து ஆளுக்குத் தாவுகிறது, அது உண்மையான பரவல். ஆனால் அலை என்று நாம் சொன்னது, நாள் கீழேயும் எண்ணிக்கை பக்கவாட்டிலும் போட்டு வரைந்த கோட்டின் வடிவத்தை. 2021 மே மாதம் இரண்டாம் அலையின் உச்சத்தில் நாடு முழுக்க ஒரே நாளில் 4 லட்சம் பேருக்கு மேல், தமிழகத்தில் 36,000 பேருக்கு மேல். வெப்ப அலைக்கு இருக்கும் டிகிரிக் கணக்குபோல, எத்தனை பேருக்கு வந்தால் புது அலை என்று இதற்கு ஒத்துக்கொண்ட வரையறை இல்லை. 2022 ஜனவரியில் ஓமைக்ரானோடு வந்தது மூன்றாம் அலை. அதற்குப் பிறகும் தொற்று ஏறி இறங்கியது, ஆனால் அதற்கு எண் போடுவதை நிறுத்திவிட்டார்கள்.